துணை பட்ஜெட்டில் எங்கள் சந்துக்கு ஒரு சின்ன தீயணைப்பு வண்டி கேட்க முடியுமா?

ஜவுளிக்கடை அக்கா, மதுரை

எல்லாருக்கும் வணக்கம். விளக்குத்தூண் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன ரெடிமேட் கடை. மாமனார் காலத்துக் கடை. நான் கல்லாவில் உட்கார ஆரம்பித்தே 22 வருடம் ஆகிறது. சட்டசபை நடைமுறை எதுவும் எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

2020 தீபாவளியை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. கடைசி நாள் வியாபாரம், கடை அடைக்கவே நடுராத்திரி தாண்டிவிட்டது. அந்த ராத்திரிதான் நவபத்கானா தெருவில் ஒரு பழைய கட்டடத்தில் தீப்பிடித்தது. அணைக்க வந்த தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் கட்டடம் இடிந்து விழுந்து அங்கேயே இறந்துபோனார்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டிலும் தீபாவளிக்குத் துணி எடுத்து வைத்திருப்பார்கள் இல்லையா? நாங்கள் துணி விற்கிற ஆட்கள். அந்த நினைப்பு வந்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

எங்கள் சந்தில் எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். கீழே கடை, மேலே குடோன். அட்டைப்பெட்டி, பாலித்தீன் கவர், துணி மூட்டை என்று உத்தரம் வரைக்கும் அடுக்கியிருக்கும். போன ஆடித் தள்ளுபடி சமயத்தில் எதிர்க்கடை மீட்டர் பெட்டியில் புகை வந்தது. போன் செய்ததும் வண்டி வந்துவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வண்டி மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. வீரர்கள் ஹோஸைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அதற்குள் கடைப் பையன்கள் மணலை அள்ளிப் போட்டு அணைத்திருந்தார்கள். அன்றைக்கு மீட்டர் பெட்டியோடு போயிற்று. குடோன் பிடித்திருந்தால்?

அப்புறம்தான் கடைக்காரர்கள் 41 பேர் கையெழுத்துப் போட்டு ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். சந்துக்குள் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன வண்டி, பக்கத்திலேயே தண்ணீர் பிடிக்க ஓர் இடம், அவ்வளவுதான் கேட்டோம். “இந்த வருட பட்ஜெட் முடிந்துவிட்டதும்மா, துணை பட்ஜெட் வரும்போது பார்க்கலாம்” என்றார்கள். சரி என்று காத்திருந்தோம். துணை பட்ஜெட்டும் வந்தது. டி.வி.யில் எத்தனையோ கோடி என்று ஓடியது. கடையில் ஆள் இருக்கும்போதே சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். தீயணைப்பு என்ற பேச்சே என் காதில் விழவில்லை.

அந்தத் துணை பட்ஜெட் என்பது என்ன? அதில் யார் எழுதிச் சேர்க்கிறார்கள்? விவாதம் நடக்கும்போது நம் ஊர் எம்.எல்.ஏ. எழுந்து கேட்டால் சேர்த்துக்கொள்வார்களா?

கருவூலத்தில் இருந்தவன்

அம்மா, நான் கருவூலத் துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்களை அனுப்பி வைத்தவர் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி, மார்ச் வாக்கில் பட்ஜெட் வைக்கிறார்கள். பிறகு துறை துறையாக மானியக் கோரிக்கை, அதாவது இந்தத் துறைக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று அரசு பேரவையிடம் கேட்பது, அதன் மேல் விவாதம் நடக்கும். காவல் துறைக்கு ஓர் எண், தீயணைப்புக்கு ஓர் எண், சிறைக்கு ஓர் எண் என்று தனித்தனியாக இருக்கும். பேரவை ஒப்புக்கொண்ட தொகைக்கு மேலே, ஒப்புக்கொண்ட வேலைக்கு வெளியே, ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. ஆனால் வருடம் பட்ஜெட் புத்தகப்படியா நடக்கிறது? நடுவில் புயல் வரும், வழக்கில் தீர்ப்பு வரும், புதிதாக ஒரு திட்டத்துக்கு அரசாணை போடுவார்கள். பட்ஜெட்டில் இல்லாத இப்படிப்பட்ட வேலையைப் ‘புதுப் பணி’ என்பார்கள். பேரவை கூடும் வரை காத்திருக்க முடியாத செலவாக இருந்தால் எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து முன்பணம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு பேரவையில் ஒப்புதல் வாங்கி அந்த முன்பணத்தை ஈடுகட்ட வேண்டும். இதற்கெல்லாம் ஒப்புதல் கேட்டு வைப்பதுதான் துணை மதிப்பீடு, நீங்கள் சொல்கிற துணை பட்ஜெட், அரசியலமைப்பின் 205-வது பிரிவு. பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு முறை வரும், கடைசித் துணை மதிப்பீடு அடுத்த பட்ஜெட்டை ஒட்டி வரும்.

இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. துணை மதிப்பீட்டுப் புத்தகத்தில் இருப்பவை பெரும்பாலும் அரசு ஏற்கெனவே ஆணை போட்டுவிட்ட செலவுகள். பேரவையில் வைத்த பிறகு உறுப்பினர் எழுந்து கேட்டாலும் அதில் புதிதாக எதுவும் சேராது. உறுப்பினர்கள் மானியத்தைக் குறைக்கலாம், மறுக்கலாம், கூட்ட முடியாது. ஆளுநரின் பரிந்துரையோடு அரசு கொண்டுவந்தால்தான் மானியக் கோரிக்கை.

அதனால் உங்கள் வண்டி அந்தப் புத்தகத்துக்குள் போக வேண்டுமானால் அதற்குப் பல மாதம் முன்பே நடையைத் தொடங்கியிருக்க வேண்டும். நிலைய அலுவலர் எழுத வேண்டும், அது மாவட்ட அலுவலர் வழியாகச் சென்னை இயக்குநரகம் போக வேண்டும், அங்கிருந்து உள்துறை, அப்புறம் நிதித்துறை. நிதித்துறை சரி என்றால் அரசாணை. நான் பார்த்தவரை கோப்பு அதிக நாள் படுத்துக்கிடக்கும் இடம் நிதித்துறைதான். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இது தொடராச் செலவினமா, தொடர் செலவினமா? வண்டி வாங்குவது ஒருமுறையோடு முடிந்துவிடும். ஓட்டுநர் சம்பளமும் டீசலும் வருடா வருடம் வரும். மனுவில் இரண்டையும் பிரித்துச் சொன்னால் மேலே எழுதுகிறவருக்கு வேலை குறையும்.

புத்தகத்தை நீங்களே இணையத்தில் பார்க்கலாம், நிதித்துறையின் பட்ஜெட் தளத்தில் தமிழிலும் இருக்கும். சில இனங்களுக்கு எதிரே வெறும் 1,000 ரூபாய் போட்டிருக்கும். அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். துறையிடம் வேறு தலைப்பில் பணம் மிச்சம் இருக்கிறது, புது வேலைக்குப் பேரவையின் சம்மதம் மட்டும் தேவை என்றால் இப்படி அடையாளத் தொகை வைத்துக் கேட்பார்கள். உங்கள் வண்டியும் ஒருநாள் இப்படி 1,000 ரூபாயாக அந்தப் புத்தகத்தில் வரலாம்.

என் மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த மதிப்பீடுகளுக்குப் போதுமான விவாத நேரம் கிடைப்பதில்லை, குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிடுகிறது. 2024 டிசம்பரில் பேரவை இரண்டே நாள் கூடியது. 3,500 கோடி ரூபாய்க்கு மேல் துணை மதிப்பீடு வந்தது அந்தக் கூட்டத்தில்தான். மேலூர் பக்கத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரான தீர்மானமும் அதே கூட்டத்தில்தான். நம் மாவட்டமே மேலூரைப் பார்த்துக்கொண்டிருந்தது, நானும்தான். அது நியாயமான கவலை. ஆனால் பணத்தை யாரும் பார்க்கவில்லை. மூல பட்ஜெட்டில் கொடுத்ததையே முழுதாகச் செலவழிக்காத துறை துணை மானியமும் வாங்கியிருக்கிறது என்று தணிக்கைத் துறை திரும்பத் திரும்ப எழுதுகிறது. நிதியாண்டு முடிகிற மார்ச் 31 ராத்திரி கருவூலத்தில் உட்கார்ந்து பில் பார்த்தவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

அனுப்பானடிக்காரன்

தங்கச்சி, நான் தீயணைப்பில் 28 வருடம் இருந்தவன். 2020-ல் போன இருவரும் எங்கள் பிள்ளைகள். நீ அவர்களை நினைத்து எழுதியதற்கு முதலில் நன்றி.

அந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்கள் சுண்ணாம்புச் சுவரும் மரக்கட்டை பாவிய மச்சும். தீயில் கட்டை வேகும். நாங்கள் அடிக்கிற தண்ணீரைத் துணி மூட்டை முழுக்கக் குடிக்கும். நனைந்த மூட்டையின் பாரம் எவ்வளவு என்று உனக்கே தெரியும். வெந்த கட்டைமேல் அந்தப் பாரம் உட்கார்ந்தால் மச்சு நிற்காது. அதனால் மனுவில் வண்டிக்கு முன்னால் உங்கள் குடோனைப் பற்றி எழுதுங்கள். மேல்மாடியில் சரக்கைக் குறைக்கிறோம் என்று நீங்களே ஒரு வார்த்தை கொடுத்தால், உள்ளே போகிற பையன் உயிரோடு வெளியே வர வழி இருக்கும்.

சின்ன வண்டி நல்லதுதான், சந்துக்குள் முதலில் போய்ச் சேரும். ஆனால் அது சுமக்கிற தண்ணீர் கொஞ்சம். ஒரு ஹோஸை முழுசாகத் திறந்தால் சில நிமிடத்தில் காலி. பின்னாலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தெருவிலேயே ஹைட்ரன்ட், அதாவது ஹோஸ் மாட்டித் தண்ணீர் எடுக்கிற குழாய் வேண்டும். 2018 பிப்ரவரி 2 ராத்திரி மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்ததைப் பார்த்தவர்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியும்.

ஹைட்ரன்ட் எங்கள் துறை கையில் இல்லை. குழாய் மாநகராட்சியுடையது, அது வேறு துறை, வேறு மானியக் கோரிக்கை. ஒரே மனுவில் இரண்டையும் கேட்டால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். இரண்டு மனு போடு.

வண்டி கேட்கும்போது ஆளையும் சேர்த்துக் கேள். ஆள் இல்லாமல் வண்டி மட்டும் வந்தால் பக்கத்து நிலையத்து ஆளை எடுத்து இதில் ஏற்றுவார்கள், அங்கே குறையும்.

கிளை வக்கீல்

அக்கா, நான் ஹைகோர்ட் கிளையில் தொழில் பழகுகிறேன். கருவூலம் ஐயா சொன்ன நடைமுறை முழுக்கச் சரி. ஒரே ஓர் இடத்தில் நான் வேறுபடுகிறேன். விவாதத்தில் எழுந்து கேட்பதால் புத்தகத்தில் எதுவும் சேராது என்பது உண்மை, ஆனால் அது வீண் இல்லை. உறுப்பினர் பேசியது அவைக்குறிப்பில் ஏறும். அமைச்சர் பதிலில் “ஆவன செய்யப்படும்” என்றோ “பரிசீலிக்கப்படும்” என்றோ உறுதி சொன்னால், அதைப் பின்தொடர்ந்து கேட்கப் பேரவையிலேயே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மாவட்டங்களுக்கு ஆய்வுக்கும் வருவார்கள். மனுக்கள் குழு என்று இன்னொன்றும் இருக்கிறது, பொதுமக்கள் நேரடியாக எழுதலாம். மாவட்டத்தில் 10 தொகுதி. சந்து எந்தத் தொகுதியில் இருந்தாலும் சரி, சரக்கு வாங்க மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களே, பத்துப் பேரிடமும் நகல் கொடுங்கள்.

இன்னொரு தகவல். மாநிலத் தீயணைப்புத் துறைகளை நவீனமாக்க 2023-ல் மத்திய அரசு 5,000 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தது. பெரும்பாலான மாநிலங்கள் 25 சதவீதம் தங்கள் பங்காகப் போட வேண்டும் என்றும் சொன்னது. இப்படிப்பட்ட திட்டத்தில் ஆண்டு நடுவில் பணம் வந்தால் மாநிலப் பங்குக்குத் துணை மதிப்பீட்டில்தான் இடம் தேட வேண்டியிருக்கும். மனுவில் இதைக் குறிப்பிடுங்கள்.

கருவூலத்தில் இருந்தவன்

தம்பி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். உறுதிமொழிக் குழுவை நான் மறந்தேபோனேன். அந்தக் குழு வருகிறது என்றால் அலுவலகங்களில் பழைய கோப்புகளைத் தேடி எடுப்பார்கள், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஜவுளிக்கடை அக்கா, மதுரை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். முகூர்த்த சீசன்.

அண்ணன் எழுதியதைக் கடையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். மூட்டையின் பாரத்தைப் பற்றிய இடம் வந்ததும் யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டுக்காரர் மறுநாளே மேல்மச்சில் இருந்த பழைய ஸ்டாக்கை இறக்கச் சொல்லிவிட்டார். 41 பேரில் 17 பேர் இறக்கிவிட்டார்கள். மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். வேறு குடோன் பிடித்தால் வாடகை என்ன ஆகும் என்று கேட்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது.

தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் மரியாதையாக உட்காரவைத்துப் பேசினார், மறுநாள் டேப் எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். சந்தின் குறுகலான இடம் 7 அடி 4 அங்குலம். அதிலும் போர்டு, ஸ்டாண்டு, வெளியே மாட்டியிருக்கும் நைட்டி எல்லாம் போக 5 அடிகூட இல்லை. எங்கள் கடை ஸ்டாண்டுதான் அதிகம் நீட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கே உள்ளே இழுத்துவிட்டோம். மற்றவர்களும் ஒதுக்கினால் எந்த அளவு வண்டி நுழையும் என்று அவரே கணக்குப் போட்டு, கருத்துரு எழுதி மேலே அனுப்புவதாகச் சொன்னார்.

மனுவை இரண்டாகப் பிரித்துவிட்டோம். வண்டிக்கும் ஆளுக்கும் ஒன்று, ஹைட்ரன்டுக்கு மாநகராட்சிக்கு ஒன்று. அளவும் போட்டோவும் இணைத்திருக்கிறோம். பத்து எம்.எல்.ஏ.க்களுக்கும் நகல் எடுத்தாயிற்று, மூன்று அலுவலகத்தில் நேரில் கொடுத்துவிட்டேன். ஒருவருடைய உதவியாளர், அடுத்த கூட்டத்தொடரில் கேள்வியாகப் போடலாம், வாசகம் எழுதிக் கொடுங்கள் என்றார். வக்கீல் தம்பி, அந்த வாசகத்தை நீ எழுதித் தருவாயா?

ஐயா, தொடர் செலவினத்தில் ஓட்டுநரையும் வீரர்களையும் சேர்த்து எத்தனை பேர் என்று நாங்கள் எண் போட வேண்டுமா, அல்லது துறையே முடிவு செய்துகொள்ளுமா?

கருவூலத்தில் இருந்தவன்

எண்ணை நீங்கள் போடாதீர்கள், அம்மா. “எல்லா ஷிப்டுக்கும் தேவையான பணியாளர்களுடன்” என்று மட்டும் எழுதுங்கள். எண்ணிக்கையை நிலைய அலுவலர் கருத்துருவில் காட்டுவார். அந்தக் கருத்துரு எண்ணும் தேதியும் கிடைத்ததும் இங்கே போடுங்கள், அடுத்து எந்த மேசையில் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

கிளை வக்கீல்

எழுதித் தருகிறேன் அக்கா. சனிக்கிழமை கோர்ட் லீவு, கடைக்கே வருகிறேன். உங்கள் சந்துக்குள்ளும் ஒருமுறை நேரில் நடந்து பார்த்துவிட்டால் வாசகம் சரியாக வரும்.