பழைய டீசல் லாரியில் ஹீட் மீட்டர் முள் கீழேயே நிற்கிறது, சில நேரம் துள்ளுகிறது: எதிலிருந்து சோதிப்பது?

பண்ருட்டி பாரவண்டி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் டீசல் பம்ப் பொருத்திய ஆறு சிலிண்டர் டீசல் லாரி ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி, பண்ருட்டியிலிருந்து சென்னைக்கும் தருமபுரிக்கும் பலாப்பழம் ஏற்றி ஓட்டி வருகிறோம். பாரத்துடன் செல்லும்போதுகூட ஹீட் மீட்டர் முள் கால் பங்கைத் தாண்டுவதில்லை. காலி வண்டியாகத் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது அடிக்கோட்டுக்கே வந்துவிடுகிறது. இதைத் தவிர, சாலை குண்டும் குழியுமாக இருந்தால் முள் திடீரென விழுந்து மறுபடி எழுகிறது. இரவில் முகப்பு விளக்கைப் போட்டால் சற்று மேலே ஏறுகிறது. டீசல் மீட்டர் மட்டும் ஒழுங்காக நிற்கிறது. காலையில் வெண்புகை நெடுநேரம் வருகிறது, டீசல் செலவும் கூடியிருக்கிறது. மீட்டரை மாற்று என்கிறார் ஒருவர், சென்டரை (என்ஜின் தண்ணீரின் சூட்டை உணர்ந்து மீட்டருக்குத் தெரிவிக்கும் சென்சாரை) மாற்று என்கிறார் இன்னொருவர். இரண்டையும் வாங்குவதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

முதுநகர் வயரிங்:

இதில் இரண்டு வேறு கோளாறுகள் கலந்திருப்பதாகத் தோன்றுகிறது. முள் துள்ளுவது மின்இணைப்பைச் சேர்ந்தது; முள் கீழேயே நிற்பது என்ஜின் உண்மையிலேயே சூடேறாததாலும் இருக்கலாம். முன்னதைச் சரிசெய்யாமல் பின்னதைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சென்டரின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். ஆகவே அதன் வயர் அறுந்தாலோ கழன்றாலோ மீட்டர் குளிர்நிலையைக் காட்டும். வயர் என்ஜின் உடம்பில் பட்டால் முள் உச்சிக்குப் போகும். டெர்மினலில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், அந்தக் கூடுதல் தடையினால் உண்மையான சூட்டைவிடக் குறைவாகவே காட்டும். கடலூர்க் கடற்காற்றில் இந்தக் களிம்பைப் பார்க்காத வயரிங் கடை கிடையாது. சாவியைப் போட்டு, சென்டர் வயரைக் கழற்றி, ஒரு கணம் மட்டும் என்ஜினில் தொடுங்கள். முள் முழுவதும் ஏறினால் மீட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். பிறகு மீட்டருக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

விளக்குப் போட்டதும் முள் ஏறுகிறது என்பது நல்ல துப்பு. விளக்குக்கான மின்னோட்டம் சேசிஸிலிருந்து என்ஜின் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்குத் திரும்ப வேண்டும். என்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டை துருப்பிடித்திருந்தால் அந்த இடத்தில் வோல்ட் விழுந்து, என்ஜினில் எர்த் ஆகும் சென்டரோடு இணைந்த ஹீட் மீட்டர் கூடுதலாகக் காட்டும். டீசல் மிதவையின் எர்த் சேசிஸில் இருப்பதால் அது பாதிக்கப்படாது. இரண்டு முட்களும் சேர்ந்து ஆடியிருந்தால், டேஷ்போர்டில் மீட்டர்களுக்குச் சீரான வோல்ட் தரும் ஸ்டெபிலைசரையோ டேஷ்போர்டு எர்த்தையோ சந்தேகித்திருப்பேன்.

நெய்வேலி ஓட்டுநர்:

இந்த வெயிலில் முள் கீழே நிற்பது நல்லதுதானே? நான் அறிந்த வண்டிகள் பலவற்றில், சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித்தான் ஓட்டுகிறார்கள்.

வில்லியனூர் பட்டறை:

நண்பர் நெய்வேலி ஓட்டுநர் கூறும் பழக்கம் நம் பக்கம் பரவலாக உண்டு. ஆனால் அது என்ஜினுக்குத் தீங்கு செய்வது. தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 80 டிகிரியைச் சுற்றித் திறக்கத் தொடங்கும். அதற்குக் கீழேயே ஓடும் டீசல் என்ஜினில் எரியாத டீசல் லைனர் (சிலிண்டரின் உட்குழாய்) சுவரில் படிந்து ஆயிலில் கலக்கிறது, லைனரும் ரிங்கும் விரைவாகத் தேய்கின்றன, வெண்புகையும் டீசல் செலவும் கூடுகின்றன. கேள்வி கேட்டவர் சொல்லும் அறிகுறிகள் இவைதாம். பை-பாஸ் வழியை (ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்கே தண்ணீர் திரும்பும் வழியை) தெர்மோஸ்டாட்டே மூடும்படி அமைந்த என்ஜின்களில், அதைக் கழற்றிவிட்டால் சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். அப்போது வெற்று ஓட்டத்தில் குளிர்ந்தும், பாரத்துடன் மேடேறும்போது கொதித்தும் வண்டி இருபுறமும் தொல்லை தரும்.

காலையில் குளிர்ந்த என்ஜினை ஓடவிட்டு, விசிறியிலிருந்து கையை விலக்கிக்கொண்டு, ரேடியேட்டரின் மேல் ஓஸைத் தொட்டுப் பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் இருந்தால் அது நெடுநேரம் குளிர்ந்தே இருந்து பிறகு விரைவாகச் சுடும். தொடக்கத்திலிருந்தே வெதுவெதுப்பு ஏறினால், தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது அல்லது உள்ளே இல்லவே இல்லை. தொடாமலே சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன் வைத்திருந்தால் தெர்மோஸ்டாட் ஹவுசிங் மீது கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மீது அளவெடுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் கன் குறைத்துக் காட்டும்.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்: ரேடியேட்டரின் தண்ணீர் மட்டம். தண்ணீர் குறைந்து சென்டரின் முனை காற்றில் நின்றால், என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே விழும். முள் துள்ளும் வண்டியில் இதை விலக்கிய பிறகே மற்றவற்றைத் தேட வேண்டும். என்ஜின் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பண்ருட்டி பாரவண்டி:

விரிவான பதில்களுக்கு நன்றி. தண்ணீர் மட்டம் சரியாக இருந்தது. வயரை எர்த்தில் தொட்டபோது முள் முழுவதும் ஏறியது. சென்டர் டெர்மினல் தளர்ந்து களிம்பேறிக் கிடந்தது. எர்த் பட்டையின் ஒரு முனை ஏறத்தாழ அறுந்தே இருந்தது. இரண்டையும் சரிசெய்தபின் முள் துள்ளுவது நின்றது, விளக்குக்கும் அசைவதில்லை. ஆனால் பாரத்துடன் ஓட்டி வந்ததும் ஹவுசிங்கில் கன் 60 டிகிரியைத்தான் காட்டியது. திறந்து பார்த்தால் தெர்மோஸ்டாட்டின் இடம் காலியாக இருந்தது. முன்பு வைத்திருந்தவர்கள் எடுத்திருக்க வேண்டும். புதிதாக எதை வாங்குவது, மாட்டும்போது எதைக் கவனிப்பது?

வில்லியனூர் பட்டறை:

உங்கள் என்ஜின் கையேட்டில் உள்ள டிகிரி எண்ணையே கேட்டு வாங்குங்கள். வெயிலை நினைத்துக் குறைந்த எண்ணுக்கு இறங்க வேண்டாம். சில என்ஜின்களில் இரண்டு தெர்மோஸ்டாட்டுகள் இருக்கும், அவ்வாறாயின் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பொருத்துவதற்கு முன் அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, அடியைத் தொடாதபடி தெர்மோஸ்டாட்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் சூடேற்றிப் பாருங்கள். அதில் பொறித்துள்ள எண்ணையொட்டி அது திறக்கத் தொடங்க வேண்டும். காற்று வெளியேறும் சிறு துளை மேல்பக்கம் வருமாறு மாட்ட வேண்டும்.

சென்டரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். போர்வெல் உப்புத்தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளில் அதன் முனையில் வெள்ளைப் படிவு ஏறி, முள் மெதுவாகவும் குறைவாகவும் காட்டும். திரும்ப மாட்டும்போது டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டாதீர்கள். ஒற்றை வயர் சென்டருக்கு அந்த மரைதான் எர்த். நிரப்புவதற்குப் போர்வெல் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி வடித்த நீரில் கூலன்டைக் கலந்து ஊற்றுங்கள். மெதுவாக நிரப்பி, மூடியைத் திறந்தபடியே ஐடிலில் ஓடவிட்டு, காற்றுக்குமிழி நின்றபின் மட்டத்தைச் சரிபாருங்கள். மூடியை மாட்டி ஓட்டிய பிறகும் குமிழி வந்துகொண்டே இருந்தால், அது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) பற்றிய வேறு கதை. அப்போது தனியாக எழுதுங்கள்.