கிணற்று நீரில் ஆர்சனிக்: சோதிப்பதிலும் சொல்வதிலும் உங்கள் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கிணற்று நீரை ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமத்துக்காகச் சோதித்து, முடிவை ஒவ்வொரு வீட்டாருக்கும் தெரிவிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் எனக்கு, இதில் அனுபவமுள்ளவர்களின் வழிகாட்டல் தேவைப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உச்ச அளவான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமை ஒட்டிய நீரில், நிறம் மாறும் தாள் கொண்ட களச்சோதனைப் பெட்டியை முழுமையாக நம்ப முடியாது என்பதால், எந்த மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? அருகருகே உள்ள கிணறுகளிலேயே அளவு பெரிதும் வேறுபடக்கூடும். ஆகவே ஒன்றைச் சோதித்து மற்றவற்றை ஊகிக்க எனக்கு மனம் வரவில்லை.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது, முடிவை எடுத்துச் சொல்லும் விதம்தான். நிறமோ மணமோ சுவையோ காட்டாத ஒன்று, பல ஆண்டுகள் குடித்த பிறகு தோலில் கரும்புள்ளிகளாகவும் உள்ளங்கைத் தடிப்பாகவும், சிலருக்குத் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோயாகவும் வெளிப்படலாம் என்பதை, பீதியைக் கிளப்பாமலும் அலட்சியத்துக்கு இடம் கொடாமலும் எப்படிச் சொல்வது? கொதிக்கவைத்தால் போதும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் நீர் ஆவியாகி ஆர்சனிக்கின் செறிவு கூடவே செய்யும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு நீர் தேடினால் போதும், குளிப்பதால் பொதுவாகப் பெரிய ஆபத்தில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லதா?

நீங்கள் வீட்டாருக்குக் கொடுத்த அறிவிப்பின் வாசகம் இருந்தால், தயவுசெய்து இங்கே பகிருங்கள்.