பழைய அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்): முழு ரேஸில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு இழுவை விழுகிறது, எங்கே பார்ப்பது?

நீர்க்காகம்:
40 ஹெச்.பி., ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கார்புரேட்டர் மாடல். ஆயிலை டேங்கிலேயே 50:1 கலந்து ஊத்துறேன். ஸ்டார்ட் ஆகறதுல குறையே இல்ல, ஐட்லிங்கும் சீரா இருக்கு. முழு ரேஸ் கொடுத்தா 5,200 ஆர்.பி.எம். வரை போய் படகு நல்லா எழும்பி ஓடும். கொஞ்ச தூரம் போனதும் மெல்ல மெல்ல 3,500க்கு இறங்கிடும். அப்புறம் படகு மூக்கைத் தூக்கிக்கிட்டு தண்ணியை உழுதுக்கிட்டே போகும். ரேஸைக் குறைச்சு ஒரு நிமிஷம் விட்டா திரும்ப எழும்பும், திரும்ப விழும். பிளக் ரெண்டும் புதுசு. கார்புரேட்டரைக் கழட்டலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கா?

மின்சாரக்கண்ணன்:
பிளக்குக்குக் கரண்ட் தயாரிக்கிற ஸ்டேட்டர் காயிலா இருக்கும். பழைய எஞ்சின்ல சூடு ஏறினதும் காயில் வேலை செய்யாது, ஆறினா சரியாகிடும். இதே கதையை நிறையப் பார்த்தாச்சு.

ஸ்பேனர் அண்ணாச்சி:
கண்ணன் தம்பி சொல்றதை ஒதுக்க முடியாது. ஆனா சூட்டுல செத்த காயில் ஒரு நிமிஷத்துல உயிர் பெறாது, ஆற நேரம் எடுக்கும். அது போகும்போது பொதுவா ஒரு சிலிண்டர் பட்டுனு நின்ன மாதிரி உதறும். இவருக்கு மெல்ல இறங்குது, ரேஸைக் குறைச்ச உடனே தேறுது. கார்புரேட்டர் கிண்ணம் காலியாகி, ஐட்லிங்ல மறுபடி நிரம்புதுன்னு அர்த்தம். பெட்ரோல் பத்தல.

நீர்க்காகம் தம்பி, கார்புரேட்டர்ல கை வைக்காதீங்க. இன்னொருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவர் ஓட்டட்டும், கில் சுவிட்ச் கயிறு (இழுபட்டா எஞ்சினை நிறுத்தற கயிறு) அவர் கையில மாட்டியிருக்கட்டும். நீங்க பம்ப் பல்பு, அதான் பெட்ரோல் ஹோஸ் நடுவுல இருக்கிற கையால அமுக்கற ரப்பர் உருண்டை, அது பக்கத்துல உட்காருங்க. ஆர்.பி.எம். விழ ஆரம்பிச்சதும் பல்பைத் தொட்டுப் பார்த்துட்டு அமுக்குங்க. அமுக்கினதும் எஞ்சின் எழும்பினா சந்தேகமே வேண்டாம், பெட்ரோல் வர்ற வழியிலதான் கோளாறு. ஓடும்போது பல்பு கொஞ்சம் மெத்துனு இருக்கிறது சகஜம். சப்பையா ஒட்டிப்போய்க் கிடந்தா டேங்க் பக்கம் அடைப்பு. ஒட்டாம இருந்தும் அமுக்கினாத்தான் ஓடுதுன்னா, எஞ்சின்ல இருக்கிற பெட்ரோல் பம்ப் டயாபிரத்தை (உள்ள அசையற மெல்லிய சவ்வை) பாருங்க. இல்ல எங்கேயாவது காத்து இழுக்குது.

ஒரு விஷயம். இந்தச் சோதனையைச் சுருக்கமா முடிச்சுக்குங்க. டூ ஸ்ட்ரோக்குல ஆயில் பெட்ரோலோடதான் வருது. பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும். அப்படியே முழு ரேஸ்ல பிடிச்சு ஓட்டினா பிஸ்டன் கீறிடும்.

துடுப்புக்காரி:
எஞ்சின் ஆர்.பி.எம்.மும் இறங்குதுன்னு எழுதியிருக்கீங்க, அது நல்ல குறிப்பு. ஆர்.பி.எம். எகிறி படகு மட்டும் நகராம இருந்தா புரொப்பல்லர் நடுவுல இருக்கிற ரப்பர் புஷ் வழுக்குதுன்னு பார்த்திருக்கணும். குளிர்விக்கிற தண்ணி பின்னாடி சீரா பீய்ச்சுதா? சில மாடல்ல சூடு ஏறினா எஞ்சினே ரேஸைக் குறைச்சுக்கும்.

நீர்க்காகம்:
தண்ணி நல்லா வருது அக்கா. அண்ணாச்சி சொன்னபடி பார்த்தோம். பல்பு அப்பளமா ஒட்டிக் கிடந்தது. அமுக்கினா எழும்புது, விட்டா விழுது. டேங்க் மூடியைத் தளர்த்தியும் ஓட்டிட்டோம், மாற்றமில்ல. அடி ஃபில்டர் வலையும் சுத்தம். டேங்க்ல இருந்து பல்புக்கு வர்ற ஹோஸைக் கழட்டி வாயால ஊதினா காத்து தாராளமா போகுது. குழப்பமா இருக்கு.

ஸ்பேனர் அண்ணாச்சி:
மூடியைத் திறந்தும் விழுதுன்னா டேங்குக்குள்ள காத்து போற துவாரத்துல அடைப்பு இல்ல. ஊதறதை நம்பாதீங்க தம்பி. ஊதினா ஹோஸ் விரியும், எஞ்சின் பண்றது உறிஞ்சறது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ஹோஸோட உள்தோலைப் பிரிச்சு விட்டுடும். வெளியில பார்த்தா புதுசு மாதிரியே இருக்கும். உறிஞ்சும்போது அந்தத் தோல் உள்ள மடங்கி வழியை அடைக்கும். ஐட்லிங்குக்குத் தேவையான சொட்டு அதுலயும் வந்துடும், முழு ரேஸுக்குப் பத்தாது. வேற டேங்க், வேற ஹோஸ் இரவல் வாங்கி மாட்டி ஓட்டுங்க. காசில்லாத சோதனை.

நீர்க்காகம்:
வேற டேங்கும் ஹோஸும் மாட்டினோம். 5,200ல இருந்து அசையவே இல்ல! பழைய ஹோஸை பிளேடால நீளவாக்குல பிளந்தேன். பல்புக்கு ஒரு சாண் முன்னாடி உள்தோல் உரிஞ்சு தொங்குது. விரலால தள்ளினா வழி திறக்குது, விட்டா மூடுது.

மின்சாரக்கண்ணன்:
சரி, காயில் பிழைச்சது. ஆனா ஹோஸ் மட்டும் மாத்தினா போதாது. பல்பும் அதே வயசுதானே? உள்ள இருக்கிற வால்வு ரப்பரும் போயிருக்கும். மரீன் பெட்ரோல் ஹோஸாவே வாங்குங்க, தண்ணிக் குழாயை மாட்டிடாதீங்க.

ஸ்பேனர் அண்ணாச்சி:
பிரிஞ்ச தோல் துணுக்கு எஞ்சின் பக்க ஃபில்டருக்குப் போயிருக்கும், அதைக் கழட்டிப் பாருங்க. இத்தனை நாள் காய்ஞ்சு ஓடின எஞ்சின், கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள்ள ஏறற அழுத்தம்) ஒரு தடவை கேஜ் வச்சு எடுத்துடுங்க. சூடா இருக்கும்போது ரெண்டு பிளக்கையும் கழட்டி, வயரை எஞ்சின் பாடியில எர்த் பண்ணி, த்ராட்டிலை முழுசாத் திறந்து வச்சு இழுங்க. ரெண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும்.

நீர்க்காகம்:
எடுத்தாச்சு அண்ணாச்சி. மேல 115, கீழ 110 பி.எஸ்.ஐ. ஃபில்டர்ல கறுப்புத் துகள் கொஞ்சம் இருந்தது, துடைச்சாச்சு. பல்பும் ஹோஸும் புதுசு மாட்டியாச்சு. கார்புரேட்டர் போல்ட்டைத் தொடவே இல்ல.