ஆம்புலன்சுக்கு முன்பே வந்து நின்றவர்கள்

தேயிலைக்காடு எழுதியது:

வால்பாறையில் இரவில் யானை வந்தால் முதலில் யாரை அழைப்பீர்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். வனச்சரக அலுவலகம் என்பது தேர்வுத்தாளில் எழுத வேண்டிய விடை. எங்கள் எஸ்டேட்டில் அனைவரும் அழைப்பது, தொழிலாளர் லைன் வீடுகளுக்குக் கீழே இரண்டு கிலோமீட்டரில் உள்ள பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு வேட்டைத் தடுப்புக் காவலரைத்தான். பதவியின் பெயர் அப்படி இருந்தாலும், அவர் வேட்டைக்காரர்களைப் பார்த்ததைவிட யானைக்கும் எங்களுக்கும் நடுவில் நின்ற இரவுகளே அதிகம்.

நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை எங்கள் பகுதியில் யானை நடமாட்டம் மிகும். அப்படியொரு மழையிரவில், அரிசியும் உப்பும் தேடி மூன்று யானைகள் ரேஷன் கடையின் சுவரை இடித்துவிட்டன. கடைக்கு அடுத்த லைனில் பதினொரு குடும்பங்கள் இருந்தன. அவர் இரண்டு பையன்களுடன் நடந்தே வந்து, எங்கள் கைகளில் இருந்த டார்ச்சுகளை எல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு இருட்டில் அசையாமல் நின்றார். நனைந்த சாக்கு கிழிபடும் சத்தமும் காது விசிறும் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. "காதாட்டம் நின்னா, அது நம்மளக் கேட்டுக்கிட்டு இருக்குதுன்னு அர்த்தம் தம்பி" என்றார். அதன்பின் அவர் கேட்ட முதல் கேள்வி யானையைப் பற்றியதே அல்ல. மூன்றாம் வீட்டுக் காது கேளாத பாட்டி வெளியே வந்துவிட்டாரா என்பதுதான். எங்களில் ஒருவருக்கும் அந்த நினைவு வரவில்லை என்பதை இப்போதும் வெட்கத்துடனேயே எழுதுகிறேன். காது விசிறும் சத்தம் கேட்கும்போது மட்டும் அடியெடுத்து வைத்து, பின்பக்க அடுப்படி வழியாகப் பாட்டியை அவர் தோளில் சுமந்து வந்தபோது, பாட்டி தூக்கக் கலக்கத்தில் அவரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

கும்கி வர வேண்டுமானால் டாப்சிலிப் பக்கத்துக் கோழிகமுத்தி முகாமிலிருந்து லாரியில் ஏற்றி, ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அன்றிரவே நடக்கக்கூடிய காரியமா அது?

யானை பக்கத்தில் இருப்பதை அறியாமல், இரவுப் பேருந்தை விட்டிறங்கி லைனுக்கு நடந்தவர்கள் பலர் எங்கள் ஊரில் உயிரிழந்திருக்கிறார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமார் குழுவினர் கொண்டுவந்த குறுஞ்செய்தி எச்சரிக்கையும், கைப்பேசியால் இயக்கப்படும் சிவப்பு விளக்குகளும் அந்த அபாயத்தைப் பெரிதும் குறைத்தன. அப்பணிக்காக அவருக்கு 2015இல் விட்லி விருதும் கிடைத்தது. ஆனாலும் யானை எந்தச் சரிவில் நிற்கிறது என்பதைக் கண்டு சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்தான்.

கொல்லிமலைச் செவிலி எழுதியது:

எங்கள் மலையில் யானைத் தொல்லை இல்லை. பாம்புத் தொல்லை உண்டு. 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் சாலையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அந்தச் சாலைக்கு வந்து சேரும் ஒற்றையடிப் பாதையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நான் பணியில் இருந்த ஓர் அதிகாலையில், தரையில் படுத்திருந்தபோது கட்டுவிரியன் கடித்த பெண் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். இந்தக் கடியில் வீக்கமோ பெரிய வலியோ இருக்காது என்பதால், எறும்பு கடித்ததாக எண்ணி மறுபடி படுத்துவிடுபவர்கள் உண்டு. அந்தப் பெண்ணின் ஊரில், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் ஒருவர் இருந்தார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுப்பதே அவர் வேலை. ஆயினும் வேப்பிலையோடு வந்த பெரியவரை வாசலிலேயே நிறுத்தி, காலை இறுக்கிக் கட்டவிடாமல் ஒரு மூங்கில் பட்டையை வைத்து அசையாதபடி துணியால் தளர்வாகச் சுற்றி, நடக்கவிடாமல் தூளியில் கிடத்தி, நால்வரைத் தோள் கொடுக்கச் செய்து சாலைவரை கூடவே ஓடி வந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் அங்கேதான் காத்திருந்தது.

மருத்துவர் கடிவாயைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தன்னார்வலரின் உள்ளங்கையைப் பார்த்தார். "கடி 2.30, வயிற்று வலி 3.15, இமை சரிவு 4.10" என்று நீல மையில் எழுதியிருந்தது, வியர்வையில் பாதி அழிந்திருந்தது. நரம்பு மண்டலத்தை விஷம் தாக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்த மூன்றாவது வரி போதும். விஷமுறிவு மருந்து உடனே ஏற்றப்பட்டது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

காவலரின் தம்பி எழுதியது:

மேலே தேயிலைக்காடு எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். என் அண்ணனும் வேறொரு மலையில் அதே வேலையைத்தான் பார்க்கிறார் என்பதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இத்தனை ஆண்டுகளாகியும் அவர் பணி நிரந்தரமாகவில்லை. டார்ச்சுக்கான பேட்டரியைச் சொந்தக் காசில்தான் வாங்குகிறார். மழைக்கோட்டு கிழிந்து இரண்டு பருவமாகிறது. அவரை அழைப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான், வந்ததும் கட்டன் சாயா போட்டுக் கொடுப்பார்கள். விடிந்தபின் வீட்டுக்கு வந்து அவர் சட்டையைப் பிழியும்போது, அண்ணி எதுவும் கேட்காமல் கால்களில் உள்ள அட்டைகளுக்கு உப்பு வைத்துக்கொண்டிருப்பார்.