வீட்டுக் கணினியில் உபுண்டுவை இயக்க எந்த மென்பொருள் ஏற்றது?

வணக்கம். தருமபுரியில் எங்கள் வீட்டுக் கணினியில், மகளின் கல்லூரிப் பயிற்சிக்காக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை மெய்நிகர் இயந்திரமாக (விண்டோஸுக்குள்ளேயே ஓடும் தனிக் கணினி போல) இயக்க 2 வாரங்களாக முயன்று வருகிறேன். வட்டைப் பிரித்து நிறுவ மனமில்லை. குடும்பப் புகைப்படங்கள் முழுவதும் அதில்தான் உள்ளன.

எட்டாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி ராம், விண்டோஸ் 11 ஹோம் கொண்ட கணினி இது. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் உபுண்டுவை நிறுவிவிட்டாலும், முகப்புத் திரை தோன்றவே 10 நிமிடம் ஆகிறது. சாளரத்தின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமைச் சின்னம் நிற்கிறது. விண்டோஸின் ஹைப்பர்வைசர் (மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் அடுக்கு), செயலியின் மெய்நிகராக்க வசதியை ஏற்கெனவே பிடித்து வைத்திருப்பதற்கான அடையாளம் அது. பயாஸில் விடி-எக்ஸ் என்ற அந்த வசதியை இயக்கி, 4 ஜிபி ராமும் 2 கோர்களும் ஒதுக்கி, மெமரி இன்டெக்ரிட்டி என்ற விண்டோஸ் பாதுகாப்பு வசதியை அணைத்து மறுதொடக்கம் செய்த பிறகும் ஆமை அகலவில்லை. விண்டோஸின் சொந்த மெய்நிகர் இயந்திர மென்பொருளான ஹைப்பர்-வி, ஹோம் பதிப்பில் கிடைப்பதில்லை.

2024 முதல் தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசமாகிவிட்ட மற்றொரு மெய்நிகர் இயந்திர மென்பொருளான விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ, இந்த 8 ஜிபி ராமில் உபுண்டுவைச் சீராக இயக்குமா?