'ஸ்கபோல்ட்' என்பதற்குச் சாரமா, சட்டகமா?

அன்பின் ஐயாவுக்கு,

முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைத்தட்டு பற்றிய இழையப் பொறியியல் குறிப்புகளில், கலங்கள் (உயிரணுக்கள்) பற்றி வளரும் அமைப்பான 'ஸ்கபோல்ட்' (scaffold) வரும் இடமெல்லாம் 'சாரம்' எனத் திருத்தியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் கட்டடத்துச் சாரம் உடனே விளங்கும். யாழ்ப்பாணத்தில் சாரம் இடுப்பில் கட்டுவது. 'தாங்கி' என்றால் இங்கே தண்ணீர்த் தாங்கி. 'வளர்சட்டகம்' என்று வைக்கலாமா?

சொல் இரண்டு இடத்தில் நிற்கவேண்டும். ஒன்று நார்வளையம், அதாவது தட்டின் வெளிவளையம். அதில் 15 முதல் 25 வரையான படைகள். ஒரு படையின் கொலாஜன் நார்கள் கிடையோடு ஏறத்தாழ 30 பாகை சரிந்தால் அடுத்த படையில் எதிர்ப்பக்கம் சரியும். அதைப்போலச் செய்ய, பொலிகப்ரோலக்ரோன் என்ற பல்பகுதியத்தின் கரைசலை 10–20 கிலோவோல்ற்றில் மின்னூற்பு செய்து (மின்புலத்தால் மெல்லிய நாராக இழுத்து), வேகமாகச் சுழலும் உருளையில் நார்களை ஒரே திசையில் படியவைத்து, விரிப்பை 30 பாகையில் வெட்டி மாறிமாறி அடுக்குவார்கள். நார்கள் நெருங்கிப் படிவதால் கலங்கள் மேற்பரப்போடு நின்றுவிடும். நீரில் கரையும் பொலிஎதிலீன் ஒட்சைட்டு நார்களையும் சேர்த்து நூற்றுப் பிறகு கழுவினால் உள்ளே போக வழி கிடைக்கும். இதைச் சட்டகம் என்பதில் தடையிராது.

மற்றது நடுக்கூழ், அதாவது வளையத்துக்குள் இருக்கும் கூழ்போன்ற நடுப்பகுதி. அங்கே போவது ஊசியால் ஏற்றும் ஜெல். அதையும் சட்டகம் எனலாமா? எனலாம் என்பதே என் எண்ணம். குறுக்குப்பிணைப்புள்ள பல்பகுதியச் சங்கிலிகளும் வலைதானே. வலைக்கண்ணின் அளவு நனோமீற்றருக்குச் சுருங்குகிறது, அவ்வளவுதான்.

———

தம்பி,

சாரத்தை விட்டுவிடுவோம். சட்டகம் எனக்கும் சம்மதம். 'வளர்' தான் இடறுகிறது. 'உறைவிடம்' போல இடப்பொருளில் கொள்ளலாம் என்பீர்கள். ஆனால் வளர்பிறையில் பழகிய கண், வளர்வது சட்டகமே என்றுதான் முதலில் வாசிக்கும். உண்மையில் அது கரைந்து குறையக் குறைய, கலங்கள் சுரக்கும் தாயம் (கலங்களைச் சூழ்ந்து நிற்கும் பொருள்) அதன் இடத்தைப் பிடிக்கவேண்டும். இரண்டின் வேகமும் பொருந்தாவிட்டால் தட்டு தாங்காது. நிற்கும்போதே உள்ளே ஏறத்தாழ 0.5 மெகாபஸ்கால் அமுக்கம். குனிந்து 20 கிலோ தூக்கினால் 2.3 வரை போகும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேற்றைக் கல்சியத்தால் இறுக்கிய ஜெல் அங்கேதான் தோற்கிறது: கல்சியம் அயன்களைச் சோடியம் இடம்பெயர்க்க, நாளாக நாளாக இளகிவிடும். தயாரிப்பிலும் கவனம் வேண்டும். அல்ஜினேற்றுக் கரைசலைக் கல்சியம் குளோரைட்டில் நேரே விட்டால் வெளிப்புறம் உடனே இறுகி உட்புறம் தளர்ந்திருக்கும். கல்சியம் காபனேற்றையும், மெல்ல அமிலமாகி அதிலிருந்து கல்சியத்தை விடுவிக்கும் குளுக்கோனோ டெல்ற்றா லக்ரோனையும் கலந்தால் மெல்ல, சீராக இறுகும்.

'இழைய வளர்ப்பு' பாடநூலில் ஏற்கெனவே உண்டு. அதனால் 'வளர்ப்புச் சட்டகம்' என்றே வைப்போம். 'இழையச் சட்டகம்' என்பதை இதற்குச் செலவழிக்கவேண்டாம். விலங்குத் தட்டிலிருந்து கலங்களை நீக்கி, எஞ்சும் தாயத்தைப் பயன்படுத்தும் முறைக்கு அதுதான் பொருத்தம்.

பக்கத்திலேயே 'தொடர்துளைமை' என்பதையும் சேர்த்துவிடுங்கள். வெறும் 'நுண்டுளைமை' போதாது. நடுக்கூழுக்கு இரத்தக் குழாய் கிடையாது. போசணை, தட்டுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள முனைத்தட்டினூடாகப் பரவித்தான் வரவேண்டும். துளைகள் எத்தனை இருந்தாலும் ஒன்றோடொன்று திறந்திராவிட்டால் நடுவிலுள்ள கலங்கள்தான் முதலில் இறக்கும்.