தண்ணீர்கூடத் தங்காத கடும் மசக்கை: தெரிந்தவர்கள் சொல்லும் வழிகள் (ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது அதை எழுதியவரின் பெயர்)

மகிழம்பூ

"மசக்கைன்னா வாந்தி வரத்தான் செய்யும்" என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே பல பெண்கள் நாக்கு வறண்டு, எழுந்து நிற்க முடியாத நிலையில்தான் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள். அதனால் சாதாரண மசக்கைக்கும் கடும் வாந்திக்கும் நடுவே கோடு எங்கே என்பதை முதலில் தெளிவாக்கிவிடலாம்.

சாதாரண மசக்கையில் குமட்டும், வாந்தி வரும். ஆனால் நாளில் ஏதோ ஒரு வேளை சாப்பாடு தங்கும், சிறுநீர் ஒழுங்காகப் போகும். ஹைப்பர்எமிசிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் கடும் வாந்தியில் இயல்பாகச் சாப்பிடவோ குடிக்கவோ முடியாது, அன்றாட வேலை எதுவும் ஓடாது. கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் 5 சதவீதம் இறங்கினால் அது தெளிவான எச்சரிக்கை. 60 கிலோ இருந்தவர் 57-க்கு வந்துவிட்டால் "பரவாயில்லை, இளைச்சிருக்கா" என்று விடக்கூடாது.

பெரும்பாலும் 4 முதல் 7 வாரத்துக்குள் தொடங்கும், 9-வது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும், 20 வாரத்துக்குள் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். சிலருக்குப் பிரசவம் வரை இழுக்கும். 10 வாரம் வரை ஒன்றுமே இல்லாமல் இருந்துவிட்டு அதன் பிறகு புதிதாக வாந்தி ஆரம்பித்தால் மசக்கை என்று முடிவுகட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல் எல்லாம் அப்படித்தான் முகம் காட்டும்.

மருத்துவரிடம் "ரொம்ப வாந்தி டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு அளவு பிடிபடாது. ப்யூக் என்றொரு மதிப்பெண் முறை இருக்கிறது, அதில் சொல்லுங்கள். கடந்த 24 மணி நேரத்தை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகள். குமட்டல் மொத்தம் எவ்வளவு நேரம்? இல்லவே இல்லை என்றால் 1, ஒரு மணி நேரத்துக்குள் 2, இரண்டு மூன்று மணி நேரம் 3, நாலு முதல் ஆறு மணி நேரம் 4, அதற்கு மேல் 5. வாந்தி எத்தனை முறை? இல்லை என்றால் 1, ஓரிரு முறை 2, மூன்று நாலு 3, ஐந்து ஆறு 4, ஏழும் அதற்கு மேலும் 5. ஒன்றும் வெளியே வராமல் வெறுமனே ஓங்கரிப்பது எத்தனை முறை? அதற்கும் வாந்திக்கான அதே கணக்கு. கூட்டினால் 6 வரை லேசானது, 7 முதல் 12 நடுத்தரம், 13-ம் அதற்கு மேலும் கடுமை. தினமும் ஒரே நேரத்தில் குறித்து வைத்தால் மருந்து வேலை செய்கிறதா என்பதும் இதிலேயே தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது மனசு சார்ந்தது, பயத்தால் வருவது, பிள்ளை வேண்டாம் என்று நினைப்பதால் வருவது என்ற பேச்சுக்கெல்லாம் இடமே இல்லை. நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்துக்கு வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் மூளைத்தண்டில் குமட்டலைத் தூண்டும் பகுதியைப் போய்ப் பிடிக்கிறது. கர்ப்பத்துக்கு முன் அந்த ஹார்மோன் குறைவாக இருந்த உடம்பு, திடீரென்று அது ஏறும்போது தாங்க முடியாமல் போகிறது என்று 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. உடம்பு சம்பந்தப்பட்ட காரணம் இருக்கிற நோய் இது. வைத்தியமும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

நீரோடை

குடிப்பதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலும் தவறு நடப்பது அங்கேதான்.

தாகம் எடுக்கிறதே என்று அரை டம்ளரை மடக்மடக்கென்று குடித்தால் இரைப்பை விரியும், விரிந்த இரைப்பை உடனே திருப்பி அனுப்பும். டம்ளரை ஒதுக்கிவிட்டு டீஸ்பூனை எடுங்கள். ஒரு டீஸ்பூன் 5 மில்லி. இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று கடிகாரம் பார்த்துக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 150 மில்லி உள்ளே போகும். விழித்திருக்கும் நேரத்தில் பத்து மணி நேரம் இப்படி ஓடினால் ஒன்றரை லிட்டர். நடுவில் வாந்தி வந்தால் 10, 15 நிமிடம் ஒன்றும் வேண்டாம். பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மறுபடி தொடங்குங்கள். வாந்தியோடு எல்லாமே போய்விட்டது என்று நினைத்து விட்டுவிடக் கூடாது, ஒரு பகுதி உள்ளே இறங்கித்தான் இருக்கும்.

வெறும் தண்ணீர்தான் பலருக்கு எதிரி. வாயில் உலோகம் வைத்தது போன்ற ஒரு சுவை வரும், விழுங்கினதும் புரட்டும். சில்லென்று, கொஞ்சம் புளிப்பாக, கொஞ்சம் உப்பாக இருந்தால் இறங்கும். ஓஆர்எஸ் கரைசலை ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கி, ஒவ்வொன்றாக வாயில் போட்டுக் கரைய விடுவது நல்ல வழி, வேகமாகக் குடிக்கவே முடியாது. பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. குவித்து அள்ளாதீர்கள். உப்பு கூடினால் ஆபத்து, சர்க்கரை கூடினால் வயிற்றுப்போக்கு பிடிக்கும். வாசனையே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மூடி போட்ட கப்பும் ஸ்ட்ராவும் கொடுங்கள்.

சாப்பாட்டையும் தண்ணீரையும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டாம், நடுவில் 20, 30 நிமிடம் விடுங்கள். வயிறு காலியானால் குமட்டல் ஏறும், நிறைந்தாலும் ஏறும். அதனால் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி. காலையில் கட்டிலை விட்டு எழுவதற்கு முன்பே உலர்ந்த பிஸ்கட் ஒன்றிரண்டு மென்றுவிட்டுக் கால் மணி நேரம் படுத்திருந்து, பிறகு மெதுவாக எழ வேண்டும். ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு, அதுதான் இறங்கும். சத்து, சமச்சீர் எல்லாம் இந்த வாரங்களில் இரண்டாம் பட்சம். எது தங்குகிறதோ அதுவே சரியான உணவு. மூன்று வேளையும் உருளைக்கிழங்கு மட்டும்தான் இறங்குகிறது என்றால் மூன்று வேளையும் அதையே கொடுங்கள்.

இஞ்சி பற்றிக் கட்டாயம் யாராவது சொல்வார்கள். லேசான குமட்டலுக்கு 250 மில்லிகிராம் நாளுக்கு நான்கு முறை உதவக்கூடும். தண்ணீரே தங்காதவருக்கு இஞ்சியைத் திணித்தால் ஏற்கெனவே புண்ணான தொண்டை எரியும், அவ்வளவுதான்.

பார்மசி சுதா

நீரோடை சொன்னதோடு சேர்த்து மருந்து. அளவு எல்லாம் மருத்துவர் எழுதித் தர வேண்டியது. கையில் சீட்டு வந்த பிறகு எப்படிச் சாப்பிடுவது, எங்கே தவறுகிறது என்பதைத்தான் நான் எழுதுகிறேன்.

முதல் வரிசையில் வருவது டாக்சிலமின், பைரிடாக்சின் சேர்ந்த மாத்திரை. பைரிடாக்சின் என்பது வைட்டமின் பி6. இரண்டும் தலா 10 மில்லிகிராம் உள்ள, மெதுவாகக் கரையும் வகையில் வழக்கமான முறை இது: முதல் இரவு படுக்கும்போது 2. மறுநாள் பிற்பகலிலும் தொல்லை தொடர்ந்தால் அன்று இரவு 2, மூன்றாம் நாள் காலை 1, இரவு 2. அதற்கும் அடங்காவிட்டால் நான்காம் நாளிலிருந்து காலை 1, பிற்பகல் 1, இரவு 2. அதுதான் உச்சவரம்பு. இரவு போட்டது காலையில் வேலை செய்யும்படிதான் மேல்பூச்சு இருக்கிறது. அதனால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, வெறும் வயிற்றில் முழுசாக விழுங்க வேண்டும். தூக்கம் வரும், முன்கூட்டியே எதிர்பாருங்கள். வேறு அளவிலும் இதே மருந்து விற்கிறது, அட்டையில் உள்ள மில்லிகிராமைப் பார்க்காமல் இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள்.

இந்தக் கூட்டு மருந்தை 1983-ல் வழக்குகளுக்குப் பயந்து அமெரிக்காவில் நிறுத்தினார்கள். குழந்தைக்குக் குறை வருகிறது என்பதற்கு ஆதாரம் நிற்கவில்லை, 2013-ல் மறுபடி அனுமதி கிடைத்தது. "கர்ப்பத்தில் மாத்திரையே கூடாது" என்று பயமுறுத்துபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

எந்த மருந்தானாலும் நான் பார்க்கும் ஒரே பெரிய தவறு: வாந்தி வந்த பிறகு தேடிப் போடுவது. வாந்தி தொடங்கிவிட்டால் மாத்திரை அதோடு வெளியே வரும். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தால், நன்றாக இருக்கும் நேரத்திலும் அலாரம் வைத்துப் போடுங்கள். கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிட்டு மூன்றாம் நாள் பழைய நிலைக்கே திரும்புவது அடிக்கடி நடக்கிறது. குறைப்பதானால் ஒன்றொன்றாக, மருத்துவர் சொல்லி.

வாந்தியை அடக்கும் இன்னொரு மருந்தான மெட்டோகுளோப்ரமைடு ஒரு முறைக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு மூன்று முறைக்கு மேல் போகாது, பொதுவாக 5 நாளோடு நிறுத்துவார்கள். கழுத்து ஒரு பக்கம் இழுத்தாலோ, கண் மேலே செருகினாலோ, தாடை இறுகினாலோ அது இந்த மருந்தின் விளைவு. அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனை. மாற்று ஊசியில் சரியாகிவிடும்.

ஒன்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்து நாக்கில் கரையும் வடிவிலும் வருவதால் விழுங்க முடியாதவருக்கு வசதி. முதல் மூன்று மாதத்தில் போட்டால் பிளவுபட்ட அண்ணம், உதடு வரும் வாய்ப்பு 10,000 பிரசவத்தில் 11 என்பது 14 ஆகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சிறிய கூடுதல்தான், முதல் மருந்துகள் கேட்காதபோது இதைத் தடுத்து வைக்க அது காரணமாகாது, ஆனால் எண்ணைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டியது அந்தப் பெண்தான். மலச்சிக்கல் கடுமையாக வரலாம், மலமிளக்கியையும் கூடவே கேட்டு வாங்குங்கள். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

இரும்புச் சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டும். மருத்துவரிடம் கேட்டுத் தற்காலிகமாக நிறுத்தலாம். ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் மட்டும் தனியாகத் தொடரட்டும், அது சின்ன மாத்திரைதான்.

வார்டு செவிலி

எப்போது கிளம்ப வேண்டும்? 24 மணி நேரம் எதுவும் தங்கவில்லை, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை அல்லது அடர் நிறத்தில் கொஞ்சமாக வருகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது, வாந்தியில் ரத்தம், வயிற்று வலி, காய்ச்சல், படபடப்பு. இதில் ஒன்று போதும். "சிறுநீரில் கீட்டோன் (பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வரும் பொருள்) இல்லை, அதனால் ஒன்றுமில்லை" என்று யாராவது திருப்பி அனுப்பினால் ஏற்க வேண்டாம். நீர்ச்சத்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் கீட்டோன் காட்டாது என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல்.

சேர்த்ததும் எடை, நாடி, ரத்த அழுத்தம், சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், சிறுநீரகம், கல்லீரல், சிறுநீர்த் தொற்று பார்ப்போம். இரட்டைக் குழந்தையா, முத்துப்பிள்ளைக் கர்ப்பமா (கரு சரியாக வளராமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் பெருகுவது) என்று ஸ்கேன். தைராய்டு அளவு கூடியிருப்பது போல் வரலாம். கர்ப்ப ஹார்மோன் தைராய்டைத் தூண்டுவதால் வருவது அது, பெரும்பாலும் தானாக இறங்கிவிடும்.

டிரிப்ஸ் விஷயத்தில் வரிசை முக்கியம். வீட்டில் "குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வரும்" என்று கேட்பார்கள். வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவர் உடம்பில் தயமின் என்ற வைட்டமின் பி1 தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினையும் அது எரித்துவிடும், வெர்னிக்கி என்ற மூளைப் பாதிப்பு வரலாம். குழப்பமான பேச்சு, பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது அதன் அடையாளங்கள். அதனால் முதலில் தயமின், கூடவே சாதாரண சலைன் என்ற உப்புநீர், ரத்த முடிவைப் பார்த்து அதில் பொட்டாசியம். "பி1 போட்டாச்சா?" என்று கூட இருப்பவர் கேட்கலாம், கேட்பதில் தவறே இல்லை. பொட்டாசியம் கலந்த பாட்டில் ஏறும்போது கை எரியும். குழாயின் வேகத்தை நீங்களே திருகாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள்.

நீர்ச்சத்துக் குறைவு, கர்ப்பம், படுக்கை மூன்றும் சேர்ந்தால் காலில் ரத்தம் உறையலாம். உள்நோயாளியாக இருக்கும்வரை ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் ஊசி தேவையா என்று மருத்துவர் பார்ப்பார். படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு திணறினாலோ உடனே சொல்லுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். இரண்டு நாள் ஊசியில் வாந்தி நின்றிருக்கும். ஊசியை நிறுத்தி, வாய்வழி மாத்திரை தங்குகிறதா என்று பார்க்காமலே அனுப்பினால் அடுத்த நாளே திரும்ப வருவார்கள். டிஸ்சார்ஜுக்கு முன் மாத்திரை ஒரு வேளையாவது வயிற்றில் நின்றிருக்க வேண்டும். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எந்த அறிகுறி வந்தால் திரும்ப வரணும் என்பது எழுத்தில் கையில் இருக்க வேண்டும்.

மகிழம்பூ

செவிலி அக்கா, தயமின் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. எனக்குத் தெரிந்து வீட்டார் பலருக்கு அது தெரியவே தெரியாது.

முத்துப்பல்

பல்லை மறந்துவிடாதீர்கள். வாந்தி எடுத்த கையோடு பல் தேய்த்தால் அமிலத்தில் இளகிய எனாமலைப் பிரஷ் சுரண்டி எடுத்துவிடும். ஒரு கப் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கரைத்துக் கொப்பளித்துத் துப்புங்கள், ஒரு மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம். பேஸ்ட் வாசனை குமட்டினால் பேஸ்ட் இல்லாமல் சின்னப் பிரஷ்ஷால், தலையைக் கவிழ்த்தபடி. சிலருக்கு எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், விழுங்கினால் வாந்தி. விழுங்கச் சொல்லாதீர்கள். மூடி போட்ட கப் ஒன்றைப் பக்கத்தில் வைத்துத் துப்ப விடுங்கள்.

வீட்டுக்காரர்களுக்காக - கனி

கணவர், அம்மா, மாமியார் யார் கூட இருந்தாலும்: "என்ன சாப்பிடுறே?" என்று கேட்காதீர்கள். சாப்பாட்டை நினைத்தாலே சிலருக்குப் புரட்டும். சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு நகருங்கள், தொடாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள். வதக்குவது, பொரிப்பது எல்லாம் அவர் படுக்கும் அறைக்கு எட்டாத நேரத்தில். சோப்பு, சென்ட், அறை நறுமணம் எல்லாவற்றையும் வாசனை இல்லாததாக மாற்றுங்கள். ஒரு தாளில் குடித்த அளவு, சிறுநீர் போன நேரம், வாந்தி எண்ணிக்கை, மாத்திரை நேரம், வாரம் இரு முறை எடை. இதை எழுத அவருக்குத் தெம்பு இருக்காது, உங்கள் வேலை.

"இந்தக் குழந்தையே வேண்டாம் போல இருக்கு" என்று அவர் சொன்னால் அதிர்ச்சி காட்டாதீர்கள், அறிவுரையும் வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாத உடம்பிலிருந்து வரும் பேச்சு அது. மருத்துவரிடம் இதையும் வாந்தி எண்ணிக்கையோடு சேர்த்துச் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே, தனியாக விடாமல் அழைத்துப் போங்கள்.

அடுத்த கர்ப்பத்தில் இது மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து, டெஸ்ட் உறுதியானதும், குமட்டல் தொடங்கும் முன்பே டாக்சிலமின், பைரிடாக்சின் ஆரம்பிக்கலாமா என்று கேளுங்கள், அப்படித் தொடங்கினால் கடுமை குறைய வாய்ப்பு இருக்கிறது. போன முறை எந்த மருந்து கேட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, எந்த வாரத்தில் சேர்த்தார்கள் என்ற விவரமும் பழைய டிஸ்சார்ஜ் சீட்டும் ஒரே உறையில் இருக்கட்டும்.